போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா? முகூர்த்த மாதங்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதுதான் என் எடிட்டிங் கடை. வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கல்யாணப் படங்களை ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவந்து போடுவார்கள். படம் பொறுக்கி, கலர் பார்த்து, ஆல்பம் டிசைன் பண்ணி, 12க்கு 36 அங்குல ஷீட்டாகத் திருப்பிக் கொடுப்பது என் வேலை.

ஆனி மாதக் கடைசியில் குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருப்பவர். புது கேமரா வாங்கியிருக்கிறார், படங்கள் பழைய லைட்ரூமில் (அடோபி நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருள்) திறக்கவில்லை. கடைப் பையன் சந்தா கட்டச் சொல்லியிருக்கிறான்.

"இன்னா தம்பி இது, மாசா மாசம் துட்டு கேக்குது? ஒருவாட்டி வாங்கினா நம்மளுதுன்னு இருந்துச்சே. கட்டலாமா வேணாமா, நீ சொல்லு."

"அண்ணே, ஆடியில உங்களுக்கு எத்தன கல்யாணம் இருக்கு?"

"ஆடியில ஏதுப்பா கல்யாணம்?"

"அந்த மாசத்துக்கும் சேர்த்துத்தாண்ணே சந்தா."

அன்று அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதுப் பதிப்பில் என்னென்ன வசதி வந்திருக்கிறது என்று பட்டியல் போடும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அந்த வசதி உங்கள் கடைக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் பண்ணும், வேலையில்லாத மாதங்களில் அது என்ன செய்யும் என்பதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் பின்கதை. 2012-இல் வந்த சிஎஸ்6தான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடிந்த கடைசி போட்டோஷாப். இனிமேல் புதுப் பதிப்பெல்லாம் சந்தாவில் மட்டுமே என்று அடோபி 2013 மே மாதம் அறிவித்தது. லைட்ரூமில் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்போடு அந்தக் கதை முடிந்தது. 2017 டிசம்பரோடு அதற்கு அப்டேட்டும் நின்றுபோனது. நம் பக்கத்தில் இன்னும் இவற்றை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 2002-ஆம் வருஷத்து 7.0-ஐ விடாதவர்களையும் எனக்குத் தெரியும். விரலே ஷார்ட்கட் ஆகிப்போன கைகள் அவை. அவர்களைக் கேலி பேச எனக்கு மனசு வராது, பல நாள் என்னைவிட வேகமாக முடித்துக் கொடுப்பார்கள்.

படி 1: ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள்

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம், வேலை எங்கே சிக்கியது என்று எழுதி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, என்ன வேலை, எவ்வளவு நேரம் தின்றது. "ரிசப்ஷன் படம், புள்ளிப் புள்ளியாக இருந்தது, 3 மணி நேரம்." "மண்டபத்தில் பின்னால் நின்ற ஆளை அழித்தது, 25 நிமிஷம்." "ஃபைல் திறக்கவில்லை, அரை நாள் போச்சு."

மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். நேரத்தை அதிகம் தின்றது பெரும்பாலும் படம் பொறுக்குவதும், வாடிக்கையாளர் "இந்தப் படத்தை மாத்துங்க, அத்தை முகம் சரியா இல்ல" என்று நாலாவது தடவை போன் பண்ணுவதும்தான். அதற்கு எந்தச் சந்தாவிலும் மருந்து கிடையாது.

திரையில் அறிவிப்பு எட்டிப் பார்ப்பது, பக்கத்துக் கடைக்காரர் வாங்கியது, தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்பது, இவையெல்லாம் காரணமே இல்லை. தள்ளுபடி தீபாவளிக்கு மறுபடியும் வரும்.

படி 2: ஃபைல் திறக்கவில்லை என்பதுதான் பிரச்சினையா?

அண்ணனுக்கு வந்தது இதுதான். புதுக் கேமராவின் ரா ஃபைலை, அதாவது கேமரா பிடித்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் மூல ஃபைலை, பழைய மென்பொருளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு கேமராவுக்கும் ரா அமைப்பு வேறு, மென்பொருள் அப்டேட் நின்ற தேதிக்குப் பிறகு வந்த கேமரா அதற்கு அந்நியம். கேனன் 2018-இல் கொண்டுவந்த சிஆர்3 ஃபைலை 2017-இல் நின்றுபோன லைட்ரூம் 6 எப்படித் திறக்கும்?

இதற்காக மட்டும் சந்தா கட்ட வேண்டியதில்லை. அடோபியே டிஎன்ஜி கன்வெர்ட்டர் என்று ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. மெமரி கார்டிலிருந்து இறக்கிய ஃபோல்டரை அதற்குக் காட்டி, பழைய பதிப்புக்கு ஏற்றபடி இணக்கத்தை அமைத்து ஓடவிட்டால், டிஎன்ஜி என்ற பொதுவான ரா ஃபைலாக மாற்றித் தரும். பழைய லைட்ரூம் அதைத் திறக்கும். ஒரு கல்யாணத்துக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் கூடுதலாகும், டிஸ்க்கில் இடமும் பிடிக்கும். அசல் ஃபைலை உடனே அழித்துவிடாதீர்கள், ஆல்பம் கைமாறும் வரை இரண்டும் இருக்கட்டும்.

இன்னொரு வழி, கேமரா நிறுவனம் தரும் இலவச மென்பொருள். கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். ஆயிரம் படத்தை அதில் வைத்து ஓட்டினால் பொறுமை போய்விடும், ஆனால் பத்துப் படத்துக்கு நிறம் கேமராத் திரையில் பார்த்தது போலவே வரும்.

அண்ணனுக்கு அன்றே கன்வெர்ட்டரைப் போட்டுக் கொடுத்தேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதிக்குத்தான் மேற்கொண்டு கணக்கு.

படி 3: உங்கள் கம்ப்யூட்டர் அதைத் தாங்குமா?

புதுப் போட்டோஷாப்புக்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 16 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. ஏஐ வேலைகளுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். பழைய மெஷினில் சந்தா போட்டு, அது ஓடாமல், அப்புறம் மெஷினும் வாங்கி, அதற்கு யுபிஎஸ் வாங்கி என்று செலவு கிளை விடும்.

எத்தனையோ கடைகளில் நான் பார்த்தது, மென்பொருள் மெதுவாக இல்லை, டிஸ்க்தான் மெது. பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதே சிஎஸ்6 ஓடும் ஓட்டமே வேறு. சந்தாவுக்கு ஒதுக்கிய முதல் வருஷப் பணத்தை அதில் போடலாமா என்று முதலில் யோசியுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் பகல்கள் உண்டு. ஏசி இல்லாத அறையில் கிராஃபிக்ஸ் கார்டு சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைகாசி முகூர்த்த வேலைகளை நான் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஓடவிடுவேன்.

படி 4: இலவச வாரத்தைச் சரியான வாரத்தில் எடுங்கள்

பெரும்பாலான சந்தா மென்பொருள்களுக்குச் சோதனைக் காலம் உண்டு, அடோபிக்கு 7 நாள். கார்டு விவரம் கொடுத்தால்தான் தொடங்கும், நிறுத்தாவிட்டால் தானாகக் கட்டணச் சந்தாவாகிவிடும். ஐந்தாம் நாள் காலையில் போனில் அலாரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடையில் வேலையே இல்லாத வாரத்தில் எடுத்தால் சும்மா பொத்தான்களை அமுக்கிப் பார்த்து நேரம் போய்விடும். வேலை மலையாகக் குவிந்த வாரத்தில் எடுத்தால் புதிதாகக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஏற்கெனவே பழைய முறையில் முடித்துக் கொடுத்த ஒரு கல்யாணத்தையே எடுத்துப் புது மென்பொருளில் மறுபடி செய்யுங்கள். நோட்டில் பழைய நேரம் எழுதியிருக்கிறது, இப்போது போனில் ஸ்டாப்வாட்ச்.

நான் என் சோதனைக்கு எடுத்தது ஆம்பூரில் நடந்த ஒரு ரிசப்ஷன். அந்த மண்டபத்தில் மேடை முழுக்க ஊதாவும் சிவப்புமாக எல்இடி விளக்கு. போட்டோகிராபர் வேறு வழியில்லாமல் கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டி, ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்திருந்தார். கறுப்புக் கோட்டில் கடுகு தூவினது மாதிரி புள்ளிகள். லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டினாய்ஸ் என்ற புள்ளி நீக்கும் வசதி இதற்குத்தான். ஓடவிட்டேன். கோட்டின் நெசவு தெரிந்தது, மணப்பெண்ணின் கண்ணிமை தனித்தனி முடியாகத் தெரிந்தது. பழைய முறையில் புள்ளியை அழித்தால் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும், இதில் ஆகவில்லை. இதில் எனக்கு மறுபேச்சே இல்லை, இந்த ஒரு வசதி பணம் பெறும்.

ஆனால் ஸ்டாப்வாட்ச் என்ன சொன்னது? என் மெஷினில் ஒரு படத்துக்கு 40 நொடி. ரிசப்ஷன் படம் 300 என்றால் 12,000 நொடி, அதாவது 3 மணி 20 நிமிஷம். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம். அதே வேலையை நண்பர் ஒருவரின் பழைய மெஷினில் வைத்தோம். ஒரு படத்துக்கு நாலு நிமிஷம், 300 படத்துக்கு 20 மணி நேரம். அவருக்கு இந்த வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்னொன்று, இது ரா ஃபைலுக்கென்றே செய்த வசதி. கார்டில் இடம் மிச்சம் என்று ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

அடுத்து ஆளை மட்டும் தனியாக வெட்டி எடுக்கும் வசதி. வேலூர்க் கோட்டை அகழிப் பக்கம் எடுத்த ஜோடிப் படத்தைக் கொடுத்தேன். மாப்பிள்ளையை ஒரே சொடுக்கில் சுத்தமாக எடுத்தது. மணப்பெண்ணிடம்தான் தடுமாற்றம். பின்னலில் தொங்கிய மல்லிகைச் சரத்தில் பாதியை முடி என்று சேர்த்துக்கொண்டு, மீதியைப் பின்னால் இருந்த வெளிச்சம் என்று தள்ளிவிட்டது. ஜிமிக்கிக்குக் கீழே ஆடிய மூன்று முத்துகளில் ஒன்று காணோம். கையால் சரிசெய்ய ஆறு நிமிஷம். பழைய முறையில் பென் டூலால் சுற்றினால் பதினைந்து நிமிஷம் ஆகும். ஆக, மிச்சம் ஒன்பது நிமிஷம். விளம்பரத்தில் காட்டுவது பூ வைக்காத தலை.

மூன்றாவது, தமிழ் எழுத்து. ஆல்பம் அட்டையில் பெயர் போடாமல் நமக்கு வேலை இல்லை. பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அதனால்தான் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களிலேயே நாம் காலம் தள்ளினோம். புதுப் பதிப்புகளில் எழுத்து அமைப்பை இந்திய மொழிகளுக்கு ஏற்றதாக மாற்றினால் யூனிகோடு சரியாக வருகிறது. வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பிய பெயரை அப்படியே ஒட்டலாம், எழுத்துப் பிழையும் குறையும். எந்த மென்பொருளைச் சோதித்தாலும் "கௌசல்யா", "ஸ்ரீநிவாசன்", "கொடியிடை" என்ற மூன்றையும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆல்பம் டெம்ப்ளேட்டுகளும் ஆக்‌ஷன்களும் புதிதில் ஓடுகின்றனவா என்று அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, படத்தையே புதிதாக உருவாக்கும் ஏஐ. இது உங்கள் மெஷினில் நடப்பதில்லை. படம் இணையம் வழியாக அடோபி சர்வருக்குப் போய் வருகிறது, மாதத்துக்கு இத்தனை கிரெடிட் என்று அளவும் உண்டு. மேடை ஓரத்தில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை அழிக்க, ஷீட்டுக்குப் போதாத இடத்தில் திரைச்சீலையை நீட்ட அருமை. முகத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். கரையான் அரித்த பழைய படம் ஒன்றை ஒரு அம்மா கொண்டுவந்தார், அவர் வீட்டுக்காரரின் வாலிப வயதுப் படம். கன்னமும் வாயும் போயிருந்தன. ஏஐ பளிச்சென்று நிரப்பிக் கொடுத்தது. அந்த அம்மா பிரிண்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது நைனா, ஆனா இது அவரு இல்ல" என்றார். அப்புறம் அவர் தம்பியின் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதே ஜாடையில் கையாலேயே இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன்.

படி 5: முகூர்த்தக் கணக்கு

விலை அடிக்கடி மாறுவதால் அதை நான் எழுதப் போவதில்லை. பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள், மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த தொகைதான் உங்கள் தொகை. ஒரு பேச்சுக்கு, எல்லாம் சேர்த்து மாதம் ₹1,000, வருஷம் ₹12,000 என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் ஒரு மணி நேர வேலைக்கு என்ன கிடைக்கிறது? ஆல்பத்துக்கு வாங்கும் கூலியை அதற்கு ஆகும் மணி நேரத்தால் வகுங்கள். ₹200 என்று வந்தால், 12,000-ஐ 200-ஆல் வகுத்தால் 60. சந்தாவுக்குப் போட்ட பணம் திரும்ப வருஷத்துக்கு 60 மணி நேரம் மிச்சமாக வேண்டும்.

அந்த 60 மணி நேரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பக் கூடாது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் நம் பக்கம் பலரும் கல்யாணம் வைப்பதில்லை. மிச்சம் ஒன்பது மாதம். ஆடியில் ஒரு மணி நேரம் மிச்சமானால் அதை வைத்து என்ன செய்வது? கடை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். காசாக மாறும் மணி நேரம் மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும்.

எனக்கு வருஷத்துக்கு நாற்பது கல்யாணம் வருகிறது. 60-ஐ நாற்பதால் வகுத்தால் ஒரு கல்யாணத்துக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமாக வேண்டும். ரிசப்ஷன் படங்களிலேயே அது வந்துவிடுகிறது. அண்ணனுக்கு வருஷத்துக்குப் பத்துக் கல்யாணம், மீதியெல்லாம் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் படம். அவருக்கு ஒரு கல்யாணத்துக்கு ஆறு மணி நேரம் மிச்சமாக வேண்டும். மொத்த எடிட்டிங்குமே அவருக்கு அவ்வளவுதான் ஆகிறது.

எல்லோருக்கும் ஆடி, மார்கழிக் கணக்கு பொருந்தாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் நிக்காஹ் வேலை எடுப்பவர்களுக்கு ரம்ஜான் மாதம்தான் ஓய்வு, அதுவும் வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஆடிக் கிருத்திகைக் காவடி, அம்மன் கோயில் திருவிழா என்று படம் எடுப்பவர்களுக்கு ஆடியே சீசன். உங்கள் காலண்டரை நீங்களே கிழித்துப் பாருங்கள்.

படி 6: "மாதத் தவணை" என்றால் மாதச் சந்தா இல்லை

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான். திட்டம் மூன்று வகை. மாதா மாதம் கட்டி எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவது ஒன்று. வருஷ ஒப்பந்தம் போட்டு மாதத் தவணையாகக் கட்டுவது இரண்டாவது. வருஷத்துக்கும் மொத்தமாக முன்பணம் கட்டுவது மூன்றாவது. கண்ணுக்கு முதலில் படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். மாதத் தொகை குறைவாகத் தெரியும், ஆனால் கையெழுத்து வருஷத்துக்கு.

அடோபியில் 14 நாளுக்குள் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு வருஷ ஒப்பந்தத்தை நடுவில் விட்டால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மாதம் ₹1,000 என்றால் நாலு மாதத்தில் நிறுத்துகிறவர் மீதி எட்டு மாதத்துக்கு ₹4,000 கட்ட வேண்டியிருக்கும். இந்த ரத்துக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையின் பேரில் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்கே போட்டது.

ஒரு சின்ன வாய்ப்பாடு. முதல் வகைக் கட்டணம் இரண்டாவதைவிட ஒன்றரை மடங்கு என்று வையுங்கள். 12-ஐ ஒன்றரையால் வகுத்தால் 8. வருஷத்தில் எட்டு மாதத்துக்குக் கீழே தேவைப்படுபவருக்கு முதல் வகை லாபம், அதற்கு மேல் என்றால் வருஷ ஒப்பந்தம். இரண்டு மடங்கு என்றால் ஆறு மாதம்தான் எல்லை. எல்லாத் தொகுப்புக்கும் முதல் வகை கிடைப்பதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குச் செய்தி வர வேண்டும். ₹15,000 வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது. அதாவது நீங்கள் கவனிக்காவிட்டால் சத்தமில்லாமல் போய்விடும். எனக்கே ஒரு தடவை ஆனது. ஒரு பிளக்கினுக்கு (போட்டோஷாப்போடு சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்) ஒரு வருஷம் கட்டிவிட்டு மறந்துபோனேன். இரண்டாவது வருஷப் பணம் மார்கழியில் போனது. செய்தி வந்திருக்கிறது, நான்தான் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறேன். திரும்பக் கேட்டு நாலு மின்னஞ்சல் போட்டேன், பதில் வந்தது, பணம் வரவில்லை. அதிலிருந்து எல்லாச் சந்தாவுக்கும் ஒரே கார்டு, அதில் அளவாகத்தான் பணம். டாலரில் விலை போடும் மென்பொருள் என்றால் வங்கி மாற்றுக் கட்டணம் தனி.

படி 7: வெளியே வரும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்

சந்தா நின்றால் போட்டோஷாப் வேலை செய்யாது. லைட்ரூம் கிளாசிக் கொஞ்சம் இரக்கம் காட்டும். படங்களைப் பார்க்கலாம், அடுக்கலாம், ஏற்றுமதி பண்ணலாம். கலர் பார்க்கும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். அதனால் சந்தா ஓடும்போதே சில பழக்கங்கள் வேண்டும். முடித்த ஆல்பத்தை முழு அளவு ஜேபெக்காகவும் எடுத்து வைப்பது. டிசைன் ஃபைல்களைப் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலாக வைப்பது, அதை ஜிம்ப், ஃபோட்டோபீ போன்ற இலவச மென்பொருள்களும் ஓரளவு திறக்கும். அசல் படங்களைக் கிளவுடில் மட்டும் நம்பி விடாமல் இரண்டு டிஸ்க்கில் வைப்பது.

பழைய லைட்ரூமிலிருந்து மாறுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கேட்டலாக், அதாவது எந்தப் படம் எங்கே, அதில் என்ன திருத்தம் என்று லைட்ரூம் குறித்து வைக்கும் ஃபைல். புதுப் பதிப்பு அதைத் தன் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளும், அப்படி மாறியதைப் பழையது திறக்காது. சோதனை வாரத்துக்கு முன்பே ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள்.

படி 8: மற்ற கதவுகள்

ஜிம்ப் 1996-லிருந்து இருக்கிறது, இலவசம். 2025 மார்ச்சில் 3.0 வந்த பிறகு, போட்ட ஃபில்டரை அப்புறமும் மாற்றிக்கொள்ள முடிகிறது. தமிழ் யூனிகோடு அதில் ஒழுங்காக வரும். ரா ஃபைலுக்கு டார்க்டேபிள், ரா தெரப்பி இரண்டும் இலவசம், இரண்டும் பழகும் வரை தலைவலி. அஃபினிட்டியைக் கேன்வா நிறுவனம் வாங்கி 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகவே தருகிறது, ஏஐ வசதிகளுக்கு மட்டும் சந்தா. அதில் இறங்கும் முன் அந்த மூன்று தமிழ்ப் பெயர்களை அடித்துப் பாருங்கள். டிஎக்ஸ்ஓ போட்டோலேப் ஒரே தடவை வாங்கும் வகை, புள்ளி அழிப்பதில் கெட்டி. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போய்ப் படம் எடுக்கும் பையனுக்குப் போனில் ஸ்னாப்சீட் போதும்.

கிராக் போட்ட பதிப்பைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது, நம் தொழிலில் பாதி அதில்தான் ஓடியது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம், குறைந்தது 7 நாள் சிறையும் ₹50,000 அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தைவிட எனக்குப் பயம் வேறு. கிராக்கோடு வரும் வைரஸ், டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அந்த டிஸ்க்கில் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியுமா?

படி 9: அப்படியானால் யார் கட்டலாம்?

சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் பாஸ்போர்ட் படம், தேர்வு விண்ணப்பப் படம் எடுக்கும் கடைக்குச் சந்தா தேவையே இல்லை. 4க்கு 6 தாளில் எட்டுப் படம் அடுக்குவதும், 50 கேபிக்குள் படத்தைச் சுருக்குவதும் எந்த இலவச மென்பொருளிலும் நடக்கும். அந்தக் கடைக்கு நல்ல பிரிண்டர்தான் முக்கியம்.

மற்ற ஸ்டுடியோக்களுக்கு எடிட் பண்ணிக் கொடுக்கிறவர், ரிசப்ஷன் வேலை அதிகம் வருகிறவர், மெஷின் தாங்கும் என்றால் தயங்காமல் கட்டலாம். வருஷ ஒப்பந்தத்தைத் தை பிறந்ததும் தொடங்குங்கள். ஆனிக் கடைசியில் தொடங்கினால் முதல் தவணையே ஆடிக்குத்தான் போகும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தான் குடியாத்தத்து அண்ணன் மாதிரி ஆட்கள். அவருக்கு நான் சொன்னது: கன்வெர்ட்டர் வைத்து ஓட்டுங்கள், டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். புள்ளி விழுந்த ரிசப்ஷன் படங்களை மட்டும் வெளியே கொடுத்து வாங்குங்கள், வருஷத்துக்குப் பத்துக் கல்யாணத்துக்கு அது சந்தாவைவிடக் குறைவாகத்தான் வரும். நோட்டு மட்டும் தொடர்ந்து போடுங்கள், அடுத்த வருஷம் கல்யாணம் இருபதைத் தாண்டினால் கணக்கை மறுபடி போடுவோம்.

"வெளிய குடுத்துன்னா யார்கிட்ட?" என்றார்.

"எங்கிட்டதாண்ணே."

சிரித்துக்கொண்டே ஹார்டு டிஸ்க்கை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் வேண்டுமாம்.